நறுக்கிய நிழல்

வாட்ஸ்அப் என்னும் செய்திச் செயலி 2009ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று நம் இல்லங்களுக்கு நிக்காஹ் செய்தியும் மவுத்துச் செய்தியும் பெரும்பாலும் அதன் வழியாகவே வந்து சேருகின்றன. செய்தி அனுப்புவோரின் பெயருக்கு அருகே சிறு வட்டம் ஒன்று. அதற்குள் அவருடைய நிழற்படம். இளைஞர்கள் அதனை 'டி.பி.' என்பர். கைப்பேசியில் உள்ள படத்தை அப்படியே அங்கு வைத்துவிட முடியாது. செயலி ஒரு சதுரச் சட்டத்தைக் காட்டும். இரு விரல்களால் படத்தைப் பெருக்கியும் சுருக்கியும் வேண்டியதை அச்சட்டத்துள் நிறுத்த வேண்டும். அச்சதுரமும் பிறர் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். சதுரத்துள் அடங்கும் வட்டம் அதன் பரப்பில் நூற்றுக்கு 78 பங்கைச் சற்றே தாண்டும்; மீதமுள்ள 21 பங்குக்கு மேற்பட்டது நான்கு மூலைகளோடு போய்விடும். மூலையில் நிற்பவர் யாராயினும் அவர் கதி அதுவே.

இந்த நறுக்கலில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணலாம். நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வரும்வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

படம் எடுப்பது ஆகுமா, ஆகாதா என்னும் பழைய வழக்கை ஈண்டு நாம் திறக்கப் போவதில்லை. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) அவர்கள், ஒளிப்படக் கருவி எதனையும் படைப்பதில்லை, உள்ள நிழலைப் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை என்று கூறி அதனை ஆகுமாக்கினார்கள். நிழற்படம் என்ற நம் தமிழ்ச் சொல்லும் அக்கருத்துக்கு இசைவாகவே அமைந்திருக்கிறது. அவர்களை மறுத்த ஆலிம்களும் பலர். ஆயினும் ஹஜ்ஜுக்குச் செல்வதற்கே பாஸ்போர்ட்டும் அதில் படமும் வேண்டியிருக்க, அவ்விவாதம் நம் வாசலைத் தாண்டி நெடுந்தொலைவு போய்விட்டது.

அவ்விவாதத்தில் ஒரு செய்தி மட்டும் நமக்கு வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் உருவம் இருந்தமையால் ஜிப்ரீல் (அலை) அவர்கள் உள்ளே வராது நின்றதையும், அவ்வுருவத்தின் தலையை வெட்டி மரம்போல் ஆக்கிவிடுமாறு கூறியதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தலை போனால் அது உருவமன்று என்பதே ஃபிக்ஹு நூலார் பலரின் துணிபு. இன்றோ தலையை மட்டும் வட்டத்துள் வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் வெட்டி எறிகிறோம்! உடல் போகிறது, உடன் நின்றவர் போகிறார், நின்ற இடமும் போகிறது.

மேற்சொன்ன மாணவர் 2016இல் பிழைப்புக்காக வளைகுடா நாட்டுக்குச் சென்றார். திருச்சி விமான நிலைய வாசலில், உடன் பயணம் செய்யவிருந்த ஒருவரிடம் தம் கைப்பேசியைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் செய்திருக்கிறார். நடுவில் அவர், வலப்பக்கம் உம்மா, இடப்பக்கம் வாப்பா. போய்ச் சேர்ந்ததும் அப்படத்தை நறுக்கி டி.பி.யாக வைத்தார். அவருடைய தோளின்மேல் ஒரு கை. அக்கைக்கு உரியவர் அங்கில்லை.

"உம்மாவை எடுத்தது சரி, தம்பி. வாப்பாவை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டோம். ஏனெனில், அந்நியர் கண்ணில் படும் இடத்தில் தம் முகம் வேண்டாம் என்று உம்மாவே சொல்லியிருந்தார்கள். அது அவர்களுடைய உரிமை. மகன் அதற்கு இணங்கியது கண்ணியம்.

"வட்டத்தில் இடம் இல்லை, ஹஜ்ரத்" என்றார் முதலில். சற்று நேரம் சென்றபின், "வாப்பா பரோட்டாக் கடையிலிருந்து அப்படியே கைலியோடு வந்திருந்தாங்க. கம்பெனியில் உள்ளவங்க பார்ப்பாங்களேன்னு இருந்துச்சு" என்றார்.

ஒரே படம்; ஒரே கத்தி; வலப்பக்கம் விழுந்த வெட்டு வேறு, இடப்பக்கம் விழுந்த வெட்டு வேறு. பார்ப்பவருக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

நறுக்குவதே பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் இமாம் புகாரி (ரஹ்) அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு நெடிய ஹதீஸைத் துண்டு துண்டாக்கி, அந்தந்தப் பாடத்துக்கு வேண்டிய பகுதியை மட்டும் அங்கங்கே வைத்தவர்களன்றோ அவர்கள்! அதற்கு 'தக்தீஃ' என்று பெயர். அறுத்தல் என்பதே பொருள். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது. அல்லாஹ்வுக்காகவும் ரஸூலுக்காகவும் ஹிஜ்ரத் செய்தவரைக் குறிக்கும் பகுதி அவ்விடத்தில் இல்லை. ஏன் இல்லை என்று விரிவுரையாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். ஆனால் அதே நூலில் அந்த ஹதீஸ் மொத்தம் ஏழு இடங்களில் வருகிறது. விடுபட்ட பகுதியைத் தேடுவோர் பிற இடங்களில் கண்டுகொள்ளலாம். ஹதீஸ் கலைக்கு இலக்கணம் வகுத்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், விட்டதும் வைத்ததும் ஒன்றையொன்று பற்றி நிற்காமல், விட்டதனால் வைத்ததன் பொருள் மாறாமல் இருந்தால், அறிந்தவர் சுருக்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். பாடங்களுக்காகத் துண்டாக்குவதிலும் சிறிது வெறுப்பு இல்லாமல் இல்லை என்று சொல்லவும் தவறவில்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. அதற்கு 'தத்லீஸ்' என்று பெயர். ஷாம் தேசத்து வலீத் இப்னு முஸ்லிம் என்பார், தம் ஆசிரியர் இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்கள் வழியாக அறிவிக்கும்போது, அவ்ஸாயீக்கும் அவருக்கு மேலுள்ள பெரியாருக்கும் இடையில் நின்ற வலுக்குறைந்த அறிவிப்பாளரை விட்டுவிடுவார். சங்கிலி பளபளவென்று தோன்றும். ஏன் இப்படிச் செய்கிறீர் என்று வினவியபோது, அத்தகையோரிடம் கேட்டு அறிவிக்கும் நிலையிலா அவ்ஸாயீயைக் காட்டுவது, அவர் அதனினும் உயர்ந்தவராயிற்றே என்றாராம். அவர் பொய்ச் சொல் எதனையும் சேர்க்கவில்லை. ஒரு மனிதரை எடுத்தார், அவ்வளவே. ஹதீஸ் அறிஞர்கள் அதனைத் தத்லீஸ் வகைகளிலேயே மிகக் கெட்டதென வைத்தனர்.

இதனை மாணவரிடம் சொன்னோம். நம் வகுப்பில் உட்கார்ந்து படித்த பாடந்தான், அவருக்கு நினைவிருந்தது. தலை குனிந்தார். ஆனால் அவர் வந்தது அதற்காக அன்று.

வாப்பா 2021இல் மவுத்தாகிவிட்டார்கள். மகனால் ஜனாஸாவுக்கு வர இயலவில்லை. முழுப்படம் இருந்த கைப்பேசி அதற்கு முன்பே பழுதாகி எறியப்பட்டுவிட்டது. செயலியில் கிடந்த சதுரம் ஒன்றே மிஞ்சியது. இப்போது கைப்பேசிக் கடைத் தம்பி ஒருவர், வாக்காளர் அட்டையில் உள்ள படத்தைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவைக்கொண்டு விட்டுப்போன பகுதியை நிரப்பி, வாப்பாவைப் பக்கத்தில் நிறுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது ஆகுமா என்பதே கேள்வி.

ஹராம் என்று நாம் சொல்லவில்லை. தந்தையை இழந்த மகன் தன் வீட்டுக்குள் தேடும் ஆறுதலுக்கு அவ்வளவு பெரிய சொல்லைச் சட்டென்று எடுப்பதற்கு நமக்கு நா எழவில்லை. ஆயினும் விளக்கினோம்: நறுக்கியது தத்லீஸ் என்றால், நிரப்புவது மவ்ளூஃ, அதாவது புனைந்த ஹதீஸ் போன்றது. அந்த வாசலில் அன்று வாப்பா சிரித்தார்களா, கண் கலங்கினார்களா என்பதை இயந்திரம் அறியாது. ஏதோ ஒரு முகபாவத்தைப் படைத்து ஒட்டும். நாளை உன் பிள்ளைகள் அதுவே தம் பாட்டனாரின் முகம் என்று நம்புவர். அட்டைப் படம் மங்கலாயினும் அது அவர்களுடையது. அதனை அப்படியே தனியே வைத்துக்கொள்.

"வாப்பா இந்த டி.பி.யைப் பார்த்தார்களா?" என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"பார்த்தாங்க, ஹஜ்ரத். 'என் கை மட்டும் துபாய் போயிருக்கு'ன்னு கடையில் எல்லார்கிட்டயும் காட்டிச் சிரிச்சாங்களாம். உம்மா சொன்னாங்க."

பிறகு அவர் கைப்பேசியை எடுத்து, அந்தச் சதுரத்தை இரு விரல்களால் பெருக்கினார். தம் முகம் சட்டத்துக்கு வெளியே போயிற்று. தோள் மட்டும் நின்றது. இன்னும் பெருக்க, அந்தக் கை திரை முழுவதும் நிறைந்தது. படம் சிதைந்து புள்ளி புள்ளியாயிற்று. ஆயினும் ஒன்று தெரிந்தது. கட்டைவிரல் நகக்கண்ணில் மைதா மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் அதனைத் தாம் பார்த்ததில்லை என்றார்.