வெட்கமா, அலட்சியமா?

சில ஆண்டுகளுக்கு முன் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி தண்ணீர்ப் புட்டியுடன் வந்தாள். "ஹஜ்ரத், எங்க பெரியம்மாவுக்கு மார்புல கட்டி. ஓதித் தரச் சொன்னாங்க" என்றாள். ஓதிக் கொடுத்தேன். "டாக்டரிடம் காட்டினார்களா?" என்று கேட்க நாவெழவில்லை. பெண்கள் சங்கதியாயிற்றே என்ற கூச்சம்! ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, கட்டி உடைந்து புண்ணான பிறகே அவரைச் சிதம்பரத்துக்குக் கொண்டு சென்றார்கள். அதற்குள் நோய் எலும்புக்குப் பரவிவிட்டது. அவருடைய ஜனாஸாத் தொழுகையில் நானும் நின்றேன். அவர் மறைத்ததும் நான் கேளாமல் விட்டதும் ஹயாவா என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

சகோதர சகோதரிகளே! ஹயா ஈமானின் கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பாவத்தைத் தடுக்கும் வேலி. மருந்தைத் தடுக்கும் வேலியன்று. உடல் நம் சொத்தல்ல, அல்லாஹ் ஒப்படைத்த அமானத். அமானத்தில் பழுது கண்டும் மூடி வைப்பவரைப் பேணுதலுள்ளவர் என்போமா?

நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற ஸஹாபிப் பெண்மணிகள் போர்க்களத்தில் காயம்பட்டோரைக் கவனித்தார்கள். பெண் டாக்டர் இருந்தால் அவரிடமே காட்ட வேண்டும். இல்லையேல் மஹ்ரமோ மற்றொரு பெண்ணோ உடனிருக்க, ஆண் டாக்டரிடம் தேவையான அளவு மட்டும் காட்டலாம் என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஷரீஅத் திறந்த வாசலை நாம் அடைப்பானேன்?

"விதிப்படி நடக்கட்டும்" என்பாருமுண்டு. ஓட்டைப் படகை அடைக்காமல் கடலில் இறக்கிவிட்டு, அதைத் தவக்குல் என்று சொல்லும் மரைக்காயரைக் கண்டதுண்டா?

2022ஆம் ஆண்டு மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக மதிப்பீடு. வயது, குடும்பத்தில் இந்நோய் இருத்தல், உடற்பருமன் ஆகியவை அபாயத்தைக் கூட்டும். பாலூட்டுதல் ஓரளவு குறைக்கும். ஆயினும் குடும்பத்தில் எவருக்கும் இல்லாதவர்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது.

மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் ஆரஞ்சுப்பழத் தோல்போல் குழிதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்கலாகாது. வலிக்கவில்லையே என்று ஏமாற வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலியிராது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயுமல்ல. ஸ்கேனும் ஊசியால் எடுக்கும் திசுப் பரிசோதனையும் உண்மையைச் சொல்லிவிடும். ஆரம்பத்திலேயே அறிந்தால், பலருக்கு மார்பை முழுவதும் அகற்றாமலே அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றால் குணமாக்க இயலும்.

சிதம்பரத்தில் 1985இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இன்று அரசு மருத்துவமனை. புதுவை ஜிப்மரும் தொலைவில் இல்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாயிற்று. ஒருவர் துக்கம் பலருக்கு மருந்தானது.

ஆண்களே! செலவுக்கும் உங்கள் முகச்சுளிப்புக்கும் அஞ்சியே பல தாய்மார்கள் வாய் திறப்பதில்லை. நீங்களே கேளுங்கள், உடன் அழைத்துச் செல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரியுங்கள்.

இன்றும் தண்ணீர்ப் புட்டியுடன் வருகிறார்கள். நானும் ஓதிக் கொடுக்கிறேன். ஆனால், "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்ட பிறகே புட்டியை வாங்குகிறேன். அன்று கேளாத கேள்விக்காக அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! ஆமீன்.