தண்டகையில் ஒரு தர்க்கம்

வனவாசம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கண்ணீரையே நினைத்துப் பழகிவிட்ட நமக்கு, அயோத்தியா காண்டத்தின் பிற்பகுதியை வால்மீகியின் வாக்கிலேயே நிதானமாக வாசிக்கும்போது ஒரு சிறு திகைப்பு ஏற்படுவது இயல்பு. ஏனெனில், தசரதன் மாண்டு, நகரமே துக்கத்தில் ஆழ்ந்து, பரதன் தமையனைத் தேடிச் சேனையோடும் தாய்மாரோடும் வழிநடந்துகொண்டிருக்கும் அதே நாட்களில், சித்திரகூடத்துச் சாரலில் குடியேறிய தம்பதிகள் இருவரும் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

இருவரும் இளையவர்கள். ஸந்யாஸி வேஷத்தில் வந்து நின்ற ராவணனிடம், தன் கணவனுக்கு 25 பிராயம் என்றும் தனக்கு 18 என்றும் சீதையே சொல்கிறாள். அது நாடு துறந்த காலத்து வயதைக் குறிப்பது என்று கொள்வதே வழக்கம்; அந்தக் கணக்கைக் கதையின் மற்றக் கணக்குகளோடு பொருந்தவைக்க வியாக்கியானகர்த்தாக்கள் பட்ட பாட்டை அவர்களுக்கே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது, அரண்மனைக்கு வெளியே ஒரு நாளும் வாழ்ந்தறியாத ஒரு பெண், முள்ளும் பாம்பும் தேளும் கொசுவும் முதலையும் நிறைந்த இடம் அது, சருகே அங்கே படுக்கை, பல நாள் பசியே அங்கே விருந்து என்று கணவன் எடுத்துச் சொன்ன பயங்களையெல்லாம் பொருட்படுத்தாமல், மலைகளையும் ஆறுகளையும் அன்னங்கள் நீந்தும் தாமரைத் தடாகங்களையும் உம்மோடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை என்று சொன்னாள் என்பதே. கூட அழைத்துப் போகத் தயங்கிய ராமனைப் பார்த்து, புருஷ ரூபத்தில் வந்த ஒரு ஸ்திரீயையா என் தந்தை மாப்பிள்ளையாகக் கொண்டார் என்று கேட்கவும் அவள் கூசவில்லை.

யமுனையைக் கடக்கும் கட்டத்தைப் பாருங்கள். உலர்ந்த மரங்களையும் மூங்கிலையும் பிணைத்துத் தெப்பம் கட்டுகிறார்கள். நாவல் கிளைகளையும் பிரம்பையும் வெட்டிவந்து சீதை அமர்வதற்கு வசதியான ஆசனம் அமைக்கிறான் லக்ஷ்மணன். சற்றே நாணி நிற்கும் மனைவியை ராமன் கைகொடுத்து ஏற்றுகிறான். அக்கரை சேர்ந்தபின், தான் முன்பு கண்டிராத ஒவ்வொரு மரத்தையும் புதரையும் பூங்கொடியையும் காட்டி அது என்ன, இது என்ன என்று அவள் கேட்டுக்கொண்டே வருகிறாள். அவள் விரும்பும் பூங்கொத்துகளை மைத்துனன் பறித்துவந்து தருகிறான். சித்திரகூடம் சேர்ந்த பிறகோ, ராமனே வழிகாட்டியாகிவிடுகிறான். தாதுக்களால் பல வர்ணம் பூத்த சிகரங்களைக் காட்டி, மந்தாகினியின் மணல்திட்டுகளைக் காட்டி, இந்த மலையை அயோத்தியென்றும் இந்த ஆற்றை சரயுவென்றும் இங்குள்ள வனவிலங்குகளை நம் நகரத்து ஜனங்கள் என்றும் நினைத்துக்கொள் என்கிறான். ராஜ்யம் போனதும் சுற்றத்தார் பிரிந்ததும் இந்த மலையைப் பார்க்கும்போது தன் மனத்தை வருத்தவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான்.

மரவுரி தரித்துத் தவக்கோலம் பூண்டவன் இப்படி இன்புறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் சாரம் இருப்பதாகத் தோன்றவில்லை. பார்த்து மகிழ்வதற்கும் தவத்துக்கும் பகையில்லை. ஆசிரமங்களை நம் ரிஷிகள் பாலையில் அமைக்கவில்லை, நதிக்கரையிலும் சோலையிலும்தான் அமைத்தார்கள். சங்கடமான கேள்வி வேறொன்று இருக்கிறது. அது அந்தத் தம்பதிகளின் இன்பத்தைப் பற்றியதன்று, அவர்கள் கூடவே கொண்டுவந்த வில்லைப் பற்றியது.

கைகேயி கேட்ட வரத்தின்படி, ராமன் 14 ஆண்டுகள் தண்டக வனத்தில் மரவுரியும் மான்தோலும் சடையும் தரித்துத் தபஸ்வியாக வாழ வேண்டும். வில்லைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. மரங்களையும் கிழங்குகளையும் எண்ணி மண்வெட்டியும் கூடையும் கேட்டு வாங்கிக்கொண்ட ராமன், ஆசாரியர் வீட்டில் வைத்துப் பூஜிக்கப்பட்டுவந்த வருணனுடைய விற்களையும் அம்பறாத்தூணிகளையும் வாட்களையும் எடுத்துவரச் சொல்லி லக்ஷ்மணனை அனுப்புகிறான். சீதையின் நிலை முற்றிலும் வேறு. வரத்தில் அவள் பெயரே இல்லை. வசிஷ்டர் அவளுக்கு மரவுரி கூடாது என்று தடுத்துப் பேச, 14 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு ஆடைகளும் ஆபரணங்களும் கொடுத்தனுப்புகிறார் மாமனார். ஆகையால், அந்த மூவரில் எந்த நிர்ப்பந்தமும் விரதமும் இல்லாமல், தன் இச்சையால் வந்து, கண்ணால் கண்டதை உள்ளபடி யோசிக்கும் சுதந்திரம் சீதைக்கு இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

தண்டகைக்குள் நுழைந்ததும் இந்தக் கேள்வியை முதலில் கேட்பவன் விராதன் என்னும் ராக்ஷஸன் என்பது வால்மீகியின் விஷமம் போலும். சடையும் மரவுரியுமாக இருக்கிறீர்கள், வில்லும் அம்பும் வாளும் ஏந்தியிருக்கிறீர்கள், தபஸ்விகளுக்கு இளம்பெண்ணோடு வாசம் எப்படிப் பொருந்தும் என்று அவன் கேட்கிறான். சீதையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்பவனுடைய நியாய விசாரணைக்கு மதிப்பில்லை என்பது வாஸ்தவமே. அவனைக் கொன்று புதைத்துவிட்டு மேலே நடக்கிறார்கள். ஆனால், கேட்டவன் புதைந்தானே ஒழிய கேள்வி புதையவில்லை. சரபங்கருடைய ஆசிரமத்தில் முனிவர்கள் திரண்டுவந்து, ராக்ஷஸர்களால் கொல்லப்பட்ட தபோதனர்களின் உடல்களைக் காட்டி அபயம் கேட்கிறார்கள். ராமனும் வாக்குக் கொடுத்துவிடுகிறான். பிறகு ஸுதீக்ஷ்ணர் ஆசிரமத்தில் இராத் தங்கி விடியற்காலையில் புறப்படும்போது, தூணிகளையும் விற்களையும் வாட்களையும் எடுத்துச் சகோதரர்கள் கையில் கொடுப்பவள் சீதைதான். கொடுத்துவிட்டு, வழியில் பேசத் தொடங்குகிறாள்.

தென்னாட்டுப் பாடத்தில் ஆரண்ய காண்டத்தின் 9-ஆவது ஸர்க்கமாக அமைந்த அந்தப் பேச்சு, நம் காதில் அதிகம் விழாத ஒன்று. காமத்தினால் விளையும் குற்றங்கள் மூன்று என்கிறாள்: பொய், பிறர் மனை நயத்தல், பகையில்லாத இடத்தில் கொடுமை. முதல் இரண்டும் உம்மை அணுகியதில்லை, அணுகப்போவதுமில்லை. மூன்றாவது இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறது. தண்டகைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயுதம் கையில் இருந்தால் புத்தி அதன்வழிப் போகும். இதற்குச் சான்றாக ஒரு பழங்கதை சொல்கிறாள். புண்ணிய வனமொன்றில் சத்தியசீலரான முனிவர் ஒருவர் தவம் செய்துகொண்டிருந்தார். அதைக் கெடுக்க எண்ணிய இந்திரன் ஒரு போர்வீரனுடைய வேஷத்தில் வந்து தன் வாளை அவரிடம் அடைக்கலப் பொருளாக வைத்துவிட்டுப் போனான். நம்பி வைத்த பொருள் காணாமற்போகக் கூடாதே என்ற நேர்மையினால், கிழங்கும் கனியும் தேடப் போகும்போதுகூட முனிவர் அதைக் கையோடு எடுத்துச் சென்றார். நாளடைவில் அவர் புத்தி குரூரமாயிற்று; தவம் நழுவிற்று; முடிவில் நரகமே கிட்டிற்று. காடு எங்கே, ஆயுதம் எங்கே, தவம் எங்கே, க்ஷத்திரியத் தொழில் எங்கே என்று வியந்து, குடியிருக்க வந்த இடத்தின் தர்மத்தை மதிப்போம், அயோத்திக்குத் திரும்பிய பிறகு உமது குலதர்மத்தை மறுபடியும் கைக்கொள்ளலாம் என்று முடிக்கிறாள். ஸ்திரீ சபலத்தினால் சொன்னேன், தம்பியோடு கலந்து யோசித்து உசிதப்படி செய்யுங்கள் என்ற பணிவும் கடைசியில் வருகிறது. அந்தப் பணிவை அப்படியே நம்பிவிட வேண்டிய அவசியமில்லை.

இந்தக் கதையின் கூர்மை எங்கே இருக்கிறது? முனிவர் பேராசைக்காரர் அல்லர், கோபக்காரருமல்லர். அவரைக் கெடுத்தது ஒரு நற்குணம், அதாவது ஒப்படைத்த பொருளைக் காக்கும் நாணயம். நல்ல நோக்கத்தோடு ஏந்திய ஆயுதமும் ஏந்துபவனைத் தன் ஜாதியாக்கிக்கொள்ளும் என்பதே சீதையின் பக்ஷம். ராமனுக்கு இதைவிட நுட்பமாக எச்சரிக்கை செய்துவிட முடியாது. ஏனென்றால், அவனும் ஒரு நற்குணத்தால்தான் வில்லைக் கையில் வைத்திருக்கிறான்.

ராமன் கோபிக்கவில்லை. பிரியமில்லாதவர்க்கு யாரும் ஹிதம் சொல்ல மாட்டார்கள், நீ சொன்னது உன் குலத்துக்குத் தகுந்தது, என்னோடு தர்மத்தில் ஒழுகுபவள் நீ என்று மகிழ்கிறான். ஆனால் இணங்கவில்லை. துன்புற்றோரைக் காப்பதற்காகத்தான் க்ஷத்திரியன் வில்லேந்துகிறான் என்று நீயே சொன்னாயே என்று அவளுடைய வாக்கையே எடுத்துக்கொள்கிறான். முனிவர்கள் தாமே வந்து சரணமென்றார்கள், வாக்குக் கொடுத்துவிட்டேன், உயிரை விடுவேன், உன்னையும் லக்ஷ்மணனையும்கூட விடுவேன், கொடுத்த வாக்கை விடமாட்டேன் என்கிறான். கம்பீரமான விடைதான். ஆயினும் கவனித்துப் பார்த்தால், ஆயுதம் ஏந்துபவனுக்கு என்ன நேரும் என்று அவள் கேட்க, ஆயுதம் ஏந்தாவிட்டால் மற்றவர்க்கு என்ன நேரும் என்று அவன் சொல்லியிருக்கிறான். இரண்டும் மெய், ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. ராமன் வார்த்தையே சித்தாந்தம், சீதை வார்த்தை பூர்வபக்ஷம் என்று வகுத்துவிட்டு நிம்மதியடைபவர்களோடு நான் சேர முடியவில்லை. அஹிம்சையைத் தனிமனிதனுடைய விரதமாகக் கொள்வது எளிது, பிறரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவனுக்கு அது எந்த அளவுக்குச் செல்லும் என்ற கேள்வி நம் காலத்திலும் தீர்ந்தபாடில்லை. ஆதிகவி தீர்க்காமல் விட்டதை அவருடைய குறையென்று சொல்வதற்கும் இல்லை.

வாதம் முடிந்ததும் முன்னே ராமன், நடுவே சீதை, பின்னே வில்லேந்திய லக்ஷ்மணன் என்று மூவரும் நடக்கிறார்கள். நீருக்கடியிலிருந்து சங்கீதம் கேட்கும் ஏரியொன்றைக் கண்டு, உடன் வந்த முனிவரிடம் அதன் கதையைக் கேட்டு வியக்கிறார்கள். பிறகு, ஓர் ஆசிரமத்தில் சில மாதம், மற்றொன்றில் ஒரு வருஷம் என்று சுற்றித் திரிந்ததில் பத்து ஆண்டுகள் கழிந்தன என்று சில சுலோகங்களில் சொல்லி முடித்துவிடுகிறார் கவி. கதைக்கு உதவாத சந்தோஷத்தைக் காவியம் இப்படித்தான் நடத்தும்.

சீதையின் வாதத்துக்குச் சோதனை பஞ்சவடியில் வந்தது. வந்த வழிதான் விசித்திரம். கரனையும் அவனுடைய பதினாலாயிரம் பேரையும் கணவன் தனியாக நின்று முடித்துவிட்டு வந்தபோது, குகையிலிருந்து வெளிப்பட்ட சீதை அவனை மகிழ்ச்சியோடு தழுவிக்கொள்கிறாள். தண்டகைத் தர்க்கத்தின் நினைவு அங்கே இல்லை. அடுத்து மான் வருகிறது. யமுனைக் கரையில் பூவின் பெயரைக் கேட்ட அதே ஆச்சரியம்தான் இங்கும் தொடங்குகிறது. ஆனால் பெயரோடு நிற்கவில்லை. உயிரோடு பிடித்தால் அயோத்திக்குக் கொண்டுபோய் பரதனும் மாமியாரும் வியக்கும்படி அந்தப்புரத்தில் வளர்க்கலாம், உயிரோடு அகப்படாவிட்டால் அதன் தோலைப் புல்லாசனத்தின்மேல் விரித்து உட்காரலாம் என்கிறாள். பகையில்லாத இடத்தில் கொடுமை கூடாது என்று சொன்ன வாய் அது. இது மாரீசன் மாயை என்று லக்ஷ்மணன் சொல்லியும், மாயையானால் கொல்லத்தக்கது, மானானால் தோலுக்காகக் கொள்ளத்தக்கது என்று வில்லோடு புறப்படுகிறான் ராமன். நல்ல நோக்கம் இருந்தும் வாள் முனிவரை மாற்றியதென்றால், நல்ல ஆச்சரியம் இருந்தும் ஆசை சீதையை மாற்றியது என்று சொல்லலாமா? பிராட்டியிடம் குற்றம் காண்பது என் நோக்கமன்று. அவள் சொன்ன தத்துவம் எவ்வளவு உண்மை என்பதற்கு அவளே சாக்ஷியானாள் என்பதுதான் வியப்பு. வில் அருகில் இல்லாத வீட்டில் அந்த மானின் தோலை யார் கேட்டிருப்பார்கள்? மாரீசன் விழுந்த பிறகும், வேறொரு புள்ளிமானைக் கொன்று இறைச்சியை எடுத்துக்கொண்டுதான் ராமன் விரைந்து திரும்புகிறான். இதைச் சொல்லவும் வால்மீகி தயங்கவில்லை.

வாலி வதத்தில் கேள்வி மறுபடியும் தலைதூக்குகிறது. நாங்கள் காட்டில் கனியும் கிழங்கும் தின்று வாழ்பவர்கள், என் தோலும் எலும்பும் உங்களுக்கு உதவாதவை, என்னை ஏன் கொன்றாய் என்று கேட்கிறான் அவன். மலைகளும் வனங்களும் உட்பட்ட இந்தப் பூமி இக்ஷ்வாகு வம்சத்தாருடையது, பரதன் ஆள்கிறான், அவன் ஆணைப்படி நாங்கள் தர்மத்தை நடத்துகிறோம் என்பது ராமன் தரும் சமாதானங்களுள் ஒன்று. சித்திரகூடத்தில் மலையை அயோத்தியென்று பாவித்துக்கொள் என்று மனைவியிடம் கொஞ்சியவன், இங்கே காடு அயோத்திக்குச் சொந்தம் என்று வழக்காடுகிறான். சீதை அப்போது அருகில் இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை ஊகிக்க நமக்கு உரிமை உண்டு. எனக்கு ஊகம் உண்டு.

அவள் கடைசியாக இதைப் பற்றிப் பேசியது லங்கையில். ராவணன் மாண்ட செய்தியோடு அசோகவனம் வந்த ஹநுமான், இத்தனை மாதம் அவளைப் பயமுறுத்திய ராக்ஷஸிகளைக் கொல்ல அநுமதி கேட்கிறான். இப்போது பகைக்குக் காரணம் இருக்கிறது, ஆயுதம் நம்பிக்கையுள்ளவன் கையில் இருக்கிறது, கேட்பவன் பக்தன். எஜமானன் சொன்னதைச் செய்த அடிமைகள் இவர்கள், இவர்கள்மேல் கோபிப்பார் உண்டோ என்று தொடங்கி, புலியிடம் கரடி சொன்னதாக வழங்கும் ஒரு பழைய நீதியையும் எடுத்துக்காட்டி, குற்றம் செய்யாதவர் உலகில் எவருமில்லை என்று தடுத்துவிடுகிறாள் சீதை. மானைக் கண்ட பஞ்சவடியில் அவளுக்கு நினைவு வராத வாதம், பழிவாங்கும் நியாயம் முழுவதும் தன் பக்ஷத்தில் இருந்த நாளில் தானாக வந்திருக்கிறது. ராமனுக்குத் தகுந்த தர்மபத்தினி நீயே என்று சொல்லிக் கைகூப்பினான் ஹநுமான். தண்டகையில் அந்தத் தம்பதிகள் வாதாடியபோது அவன் உடனிருக்கவில்லை. இருந்திருந்தால், அந்தத் தகுதியை இருவரில் எவர் பக்கத்திலிருந்து அளந்திருப்பானோ தெரியாது.