வந்து சேர்பவன் யார்?

சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திற்கு (2024 வரை போர்ட் பிளேயர்) கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாட்களாகும். 2020இல் கடலடி வடம் இணைக்கப்பட்டபின், முகமும் குரலும் நொடியில் அக்கடலைத் தாண்டிவிடுகின்றன. தீவில் பணிபுரியும் மகன் ஒருவன், தஞ்சையில் நோயுற்றிருக்கும் தாயைத் திரையில் காண்கிறான். அவள் நெற்றியைத் தொட இயலவில்லை. விடுப்பையும் செலவையும் எண்ணித் தயங்குகிறான். முகம் சென்ற வழியே உடலும் சென்றுவிடலாகாதா என்று அவன் ஏங்குவது இயல்பே.

இவ்வேக்கத்தை 1966இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் காட்சியாக்கியது. விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்கப் பெருஞ்செலவாகும் என்பதால், மனிதரை ஓரிடத்தில் மறைத்து மற்றோரிடத்தில் தோன்றச் செய்யும் கருவியைக் கற்பித்தனர். அறிவியலும் இத்திசையில் ஓரடி சென்றுள்ளது. 1997இல் ஆஸ்திரியாவில் ஓர் ஒளித்துகளின் நிலை மற்றோர் ஒளித்துகளுக்கு மாற்றப்பட்டது. 2017இல் சீன அறிவியலார் தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு 1,400 கிலோமீட்டர் வரை இதைச் செய்து காட்டினர். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலுள்ள வான்வழித் தொலைவும் ஏறக்குறைய அவ்வளவே. ஆயினும் அங்கே சென்றது பொருளன்று, அதன் நிலை மட்டுமே. முதல் துகளோ தன் நிலையை இழந்தாக வேண்டும். மனித உடலில் உள்ள அணுக்கள் எண்ணிலடங்கா. ஆகவே அக்கருவி நம் காலத்தில் கைகூடுமென எண்ண இடமில்லை.

கைகூடினாலும் ஒரு கேள்வி எஞ்சும். இங்கே உடல் அழிந்து, அங்கே அதே வடிவும் நினைவும் கொண்ட ஒருவன் எழுவானாயின், தாயிடம் சேர்ந்தவன் மகனா, மகனின் படியா? தாய்க்கு வேறுபாடு தெரியாது. கருவிக்குள் அடியெடுத்து வைத்தவனுக்கோ?

திருமூலர் வரலாற்றில் இதன் மறுபுறத்தைக் காண்கிறோம். இறந்துபோன ஆயன் மூலனின் உடலில் யோகியார் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன, மனைவியும் கணவனென்றே அணுகினாள். அவரோ தமக்கும் அவளுக்கும் உறவேதுமில்லை என்று விலகினார். உடல் அதுவே; ஆள் அவனல்லன். வடிவைக் கொண்டு மனிதனை அளக்க இயலாது என்பதற்கு அப்பெண்ணின் துயரே சான்று.

உண்ணும் உணவால் நம் உடலின் அணுக்களும் மாறிக்கொண்டுதானே இருக்கின்றன என்று சிலர் வினவலாம். உண்மை. ஆனால் அம்மாற்றம் இடையறாத ஒரு வாழ்வினுள் நிகழ்கிறது; கருவியோ அவ்வாழ்வை அறுத்துவிட்டு, வேறோர் இடத்தில் புதிதாய்த் தொடங்குகிறது.

திரையில் தோன்றும் முகமும் ஒரு படியே. 'பார்த்துவிட்டோமே' என்று மனம் அதனோடு அமைதி கொள்வதே ஆபத்து. கப்பலேறும் மகன், அறுபடாத தன் வாழ்நாளில் மூன்று நாட்களைத் தாய்க்கென எடுத்து வைக்கிறான். அதை எந்தக் கருவியும் அவனுக்காகச் செய்ய முடியாது. நம்மை எதிர்நோக்கி ஒருவர் காத்திருப்பாராயின், இன்றே புறப்படுவோம்.