பணம் வர பின் நம்பர் எதற்கு?

பழைய கட்டிலை விற்க ஒரு பெரியவர் இணையத்தில் விளம்பரம் போடுகிறார். பேரம்கூடப் பேசாமல் ஒருவன் வாங்க வருகிறான். "முன்பணம் அனுப்புறேன் சார். இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, வந்துடும்" என்கிறான். போட்ட மறுநொடி, இருந்த பணமும் போகிறது.

யுபிஐ-யில் பின் நம்பர் என்பது நம் கணக்கிலிருந்து பணம் எடுக்க நாம் தரும் சம்மதம். வரும் பணத்துக்கு அது தேவையே இல்லை. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோமா?

மோசடிக்காரனுக்கு நம் அறியாமையைவிடப் பதற்றம்தான் பெரிய முதல். "இன்றிரவு கணக்கு முடங்கும்", "உங்கள் மேல் வழக்கு, வீடியோ காலைத் துண்டிக்காதீர்கள்" என்று மிரட்டுவதெல்லாம் யோசிக்க விடாமல் செய்யத்தான். இப்படி வீடியோ காலிலேயே பிடித்து வைக்கும் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. தைரியமாகப் போனை வைத்துவிடுங்கள்.

ஏமாந்தவரைத் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவர் மறைக்கும் நேரத்தில் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக்கொண்டிருக்கும். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அந்த எண்ணை அம்மா, அப்பா போனில் இப்போதே பதிந்து கொடுங்கள்.