கொடுக்க முடியாத சொத்து

2024 அக்டோபரில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கம்ப்யூட்டர் கேம் வாங்கப் போனவர்கள் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு புதிய வரியைப் பார்த்தார்கள். இங்கே வாங்கப்படுவது உரிமம் மட்டுமே என்பது அதன் சாரம். டிஜிட்டல் சரக்கை ‘வாங்குங்கள்’ என்று சொல்லி விற்பவர்கள் இந்த உண்மையை மறைக்கக் கூடாது என்று முந்தைய மாதம்தான் கலிஃபோர்னியா சட்டம் போட்டிருந்தது. நிலைமை எதுவும் மாறிவிடவில்லை. எல்லோரும் படிக்காமலே ‘சம்மதம்’ தட்டிவிட்டுப் போகும் ஒப்பந்தத்தில் முன்பே இருந்ததுதான். ஆனாலும் பலருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு பொருள் ஒருவருக்குச் சொந்தம் என்றால் என்ன? ரோமானியச் சட்டத்திலிருந்து கிளைத்த மரபு அதை மூன்று உரிமைகளாகப் பிரிக்கிறது: பயன்படுத்துவது ஒன்று, அதன் பலனை எடுத்துக்கொள்வது இரண்டு, விற்பது, கொடுப்பது, வேண்டாமென்றால் உடைத்துப் போடுவது மூன்று. ஸ்டீம் முதல் உரிமையை அள்ளித் தருகிறது. மூன்றாவதில் விற்பதற்கும் கொடுப்பதற்கும் கையை விரிக்கிறது.

அள்ளித் தருவதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீமைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ‘ஹாஃப்-லைஃப் 2’ கேம் வந்தபோது, கடையில் டிஸ்க் வாங்கியவர்களும் ஸ்டீமில் கணக்குத் திறந்தால்தான் ஆட முடியும் என்றானது. அப்போது அதைத் திட்டியவர்கள் ஏராளம். இன்று கம்ப்யூட்டர் செத்துப்போனாலும் வேறொன்றில் லாகின் செய்தால் பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய கேம் திரும்ப வந்துவிடுகிறது. கீறல் விழுந்த டிஸ்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த வசதி 2015இல் வந்தது. ரீஃபண்ட் விஷயத்தில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014லேயே வால்வ் மீது வழக்குப் போட்டிருந்தது என்பதையும், 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேம் செய்கிறவர்களுக்கும் லாபம் உண்டு. சியாட்டிலில் ஒரு தியேட்டரில் டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் பகுதிநேர வேலை செய்துகொண்டே, எரிக் பரோன் நாலு வருஷத்துக்கு மேல் படம், இசை, எழுத்து, நிரல் எல்லாவற்றையும் தனியாளாகச் செய்து ‘ஸ்டார்டியூ வேலி’யை 2016இல் வெளியிட்டார். பின்னாளில் அது கோடிக்கணக்கில் விற்றது. டிஸ்க் காலத்தில் இப்படி ஒருவருக்குக் கடைகளில் இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இதற்கு ஸ்டீம் எடுக்கும் கமிஷன் 30 சதவீதம். விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் 25, 5 கோடியைத் தாண்டினால் 20. அதாவது, இளைத்தவனிடம்தான் அதிக வெட்டு.

ஸ்டார்டியூ வேலியின் கதையே ஒரு பரம்பரைச் சொத்தில்தான் தொடங்குகிறது. தாத்தா எழுதிவைத்த கடிதம், புதர் மண்டிய பண்ணை. ஆடுபவர் கல்லைப் பொறுக்கி, மரக்கட்டையை வெட்டி, மண்ணைக் கொத்தி விதை போடுகிறார். உழுது பயிரிட்டவனின் உழைப்பு நிலத்தோடு கலந்துவிடுவதால் நிலம் அவனுடையதாகிறது என்று 17ஆம் நூற்றாண்டில் வாதிட்டார் ஜான் லாக். ஸ்டார்டியூ வேலியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழுதவருக்கு லாக்கின் வாதம் ஒரு சென்ட் நிலம்கூட வாங்கித் தராது. ஸ்டீம் கணக்கை உயிலில் எழுதிவைக்க முடியாது. கணக்கை வேறொருவருக்கு மாற்றக் கூடாது என்கிறது ஒப்பந்தம்.

இன்னும் கூர்மையான உதாரணம் ‘வெண்பா’ என்ற கேம். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட இது, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்தின் தாய் வெண்பாவிடம் இருப்பது அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு. சில இடங்கள் கிழிந்தும் அழிந்தும் கிடக்கின்றன. இட்லிக்கு எது முதலில், எது பிறகு என்று ஆடுபவரே ஊகித்துச் செய்து பார்க்க வேண்டும். கிழிந்தாலும் ஏடு கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கதையை ஸ்டீமில் வாங்கிய ஒரு தாய், தன் மகளுக்கு அதை விட்டுச் செல்ல ஒப்பந்தத்தில் வழியில்லை.

தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியுமா? ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ கேமில் துப்பாக்கிக்குப் பூசும் வண்ண அலங்காரத்தை ஸ்டீமின் சந்தையிலேயே இன்னொருவருக்கு விற்கலாம். அதற்கும் ஒரு கட்டணம் பிடிக்கப்படுகிறது. அலங்காரம் கைமாறும், கேம் கைமாறாது. மறுவிற்பனை உரிமை கேட்டு பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று வால்வ் மீது வழக்குப் போட்டு 2019இல் வென்றது. 2022இல் மேல்முறையீட்டில் தோற்றது. வால்வ் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. டிஜிட்டல் பிரதி தேய்வதில்லை. பழையதும் புதியதும் ஒன்றே என்றால் எரிக் பரோனிடம் யார் புதிதாக வாங்குவார்கள்?

விற்பனைக்கு எதிராக இந்த வாதம் நிற்கும். கொடைக்கும் வாரிசுக்கும் எதிராக அவ்வளவு பலமாக நிற்காது. இறந்தவர் மறுபடி வந்து ஆடப்போவதில்லை. பிரதி ஒன்று ஒன்றாகவே இருக்கும். பட்டினத்தார் செல்வத்தைத் துறந்தார் என்றால், துறக்க அவரிடம் செல்வம் இருந்தது. ஸ்டீமில் ஆயிரம் கேம் வைத்திருப்பவர் அவற்றைத் தன் கணக்கிலிருந்து அழிக்கலாமே தவிர, ஒன்றைக்கூட எடுத்து எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட முடியாது. பரிசளிக்க நினைத்தால் வாங்கும்போதே அவன் பெயருக்கு வாங்க வேண்டும்.

போகட்டும், முதல் உரிமையாவது நிலையா? யுபிசாஃப்ட் நிறுவனம் தன் ‘தி க்ரூ’ கேமின் சர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களால் அதைத் தனியாகக்கூட ஆட முடியவில்லை. அதையொட்டி, விற்ற கேமை இப்படி முடக்கக் கூடாது என்று எழுந்த ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது.

போலந்தின் ஜிஓஜி தளம் பூட்டில்லாத கேம்களை விற்கிறது. கோப்பைப் பென் டிரைவில் போட்டு அலமாரியில் வைக்கலாம், ஆட யாருடைய சர்வரும் வேண்டாம். ஆனால் அங்கும் கணக்கைப் பிறருக்கு எழுதிவைக்க விதி இல்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, நீதிமன்ற ஆணையோடு வந்தால் முடிந்ததைச் செய்கிறோம் என்றது அந்த நிறுவனம்.