பிள்ளை தரும் நாட்கூலி

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால், வாப்பாவின் மனதில் அன்றைக்கே ஒரு வீட்டுக்கு அத்திவாரம் விழுந்துவிடும். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கிழக்கிலங்கையின் இந்தக் கரையோர ஊர்களின் வழமை அப்படி. கலியாணம் முடித்த பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டைக் கொடுப்பது பெற்றோரின் கடமை. மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. இருந்த வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மூலையில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்கிய உம்மா வாப்பாமாரை எந்தத் தெருவிலும் காணலாம். அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொதுவான வழமை என்பதை 2008இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

பெண்ணுக்கென்று ஒரு கூரை அவள் பெயரிலேயே இருப்பது பெரிய காரியம். அந்தப் பலத்தை நான் ஒருபோதும் குறைத்து மதிக்கமாட்டேன். ஆனால் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய எங்கள் எண்ணத்தையும் இந்த வழமை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. பிள்ளை வளர்ப்பு என்பது கடைசியில் முடித்துக்காட்ட வேண்டிய ஒரு வேலையாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், கம்பஸ், வீடு, கலியாணம் என்று படிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் பலன். வயது போன காலத்தில் ஒரு வாய்க் கஞ்சி. கண்மூடிய பின் நமக்காகக் கேட்க ஒரு துஆ. பிள்ளையின் துஆவுக்கு மார்க்கத்தில் உள்ள மதிப்பு எனக்குத் தெரியும். நானும் அதை வேண்டுகிறேன். ஆனாலும் பலன் முழுவதும் பின்னால்தான் இருக்கிறது என்று நம்பி ஓடுகிறவர், கைக்கு எட்டியதைத் தவறவிடுகிறார்.

பிள்ளை தருவது ஓய்வூதியம் அல்ல, நாட்கூலி. அன்றைய வேலைக்கு அன்றைக்கே, வேலை செய்த இடத்திலேயே கையில் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அங்கே இல்லாதவருக்காக யாரும் அதை எடுத்து வைப்பதில்லை.

என் மகள் எழுத்துக் கூட்டத் தொடங்கிய நாட்களில், மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்து அவளைக் கல்முனை பசாருக்குக் கூட்டிப் போவேன். பிரதான வீதியில் கண்ணில் படுகிற பலகை எல்லாம் அவளுக்குப் பாடம். புடவைக்கடை, பாமசி, நகைக்கடை, கண் பரிசோதனை நிலையம். ஒரு சொல்லை முழுசாகப் பிடித்துவிட்டால் அவளுடைய முதுகு நிமிர்வது என் நெஞ்சில் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கிட்டியதால் கடைகள் சாத்தியிருந்தன. அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“கடயப் பூட்டித்தாங்களே வாப்பா, பேர மட்டும் ஏன் பூட்டல்ல?”

“உனக்கு வாசிக்கத்தான் மகள்” என்றேன். வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து நான் போய்வருகிற வீதி அது. அந்தப் பலகைகளை நான் பார்க்காமலே விட்டுப் பல வருடமாகிறது. ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தால் பழகிச் சலித்த ஊர் மறுபடியும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. எத்தனை செலவழித்து எந்த நாட்டுக்குச் சுற்றுலா போனாலும் இந்தப் பார்வை கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் உம்மா மகள் பிறப்பதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். நாங்கள் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தால், காயத்தைச் சுற்றி உள்ளங்கையால் மெல்லத் தட்டி, “ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, போயித்து” என்பது உம்மாவின் வழக்கம். ஒரு நாள் அஸருக்குப் பிறகு மகன் முற்றத்தில் விழுந்து அழுதான். நான் எழும்பிப் போவதற்குள் மகள் அவன் பக்கத்தில் குந்திவிட்டாள். அதே தட்டு, அதே இழுவை, “ஒண்டுமில்ல, போயித்து” என்று முடிக்கும் அதே தணிந்த குரல். அவள் என்னிடமிருந்து எடுத்திருக்க வேண்டும். நான் அப்படிச் செய்கிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. கண்டே இராத மூத்தம்மாவிடமிருந்து அவளுக்கு ஒரு சொத்து போய்ச் சேர்ந்திருக்கிறது. உறுதி எழுதவில்லை, முத்திரை குத்தவில்லை. நான் கட்டிக் கொடுக்கப்போகும் எந்தச் சுவரையும்விட அது நீண்ட காலம் நிற்கும்.

இதெல்லாம் ஒரு வாப்பாவின் பாசப்பேச்சு என்று சிலர் சொல்லலாம். சொல்வதற்கு அவர்களிடம் ஆதாரமும் இருக்கிறது. பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டானியல் கானமனும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். முந்தின நாளை வேலை வேலையாக நினைவுபடுத்தி, ஒவ்வொன்றின்போதும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பிள்ளைகளைப் பராமரிக்கும் நேரம் அந்தப் பட்டியலில் கீழே கிடந்தது. சமைப்பதும் தொலைக்காட்சி பார்ப்பதும்கூட அதற்கு மேலே இருந்தன. அதில் பொய் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையோடு விடியும்வரை விழித்திருந்த எந்தத் தாயும் அதை இன்பம் என்று சொல்லமாட்டாள்.

அந்த ஆய்வு சயன்ஸ் இதழில் வெளிவந்தது 2004 டிசம்பரில். அதே மாதம் 26ஆம் திகதி கடல் எங்கள் ஊர்களுக்குள் வந்தது. இலங்கையில் ஆக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று வரிசையாகக் கரையோரம் துடைக்கப்பட்டது. அன்றைக்குக் கல்முனையில் இடிபாடுகளுக்கிடையே உயிரோடு கிடைத்த ஓர் ஆண் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 81ஆவது நோயாளியாகப் பதியப்பட்டதால் உலகம் அதை 81ஆம் இலக்கக் குழந்தை என்றே அறிந்தது. ஒன்பது தாய்மார் அதற்கு உரிமை கோருவதாகப் பத்திரிகைகள் எழுதின. கல்முனையைச் சேர்ந்த ஒரு தமிழ்த் தம்பதி நீதிமன்றத்தில் நின்றார்கள். மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிடப்பட்டது. அவர்களே பெற்றோர் என்று 2005 பெப்ரவரி 14ஆம் திகதி உறுதியாகி, இரண்டு நாளில் குழந்தை அவர்கள் கைக்கு வந்தது.

அந்தக் குழந்தைக்கு அப்போது ஏறத்தாழ நான்கு மாதம். உம்மா, அம்மா என்று எந்தச் சொல்லும் அதன் வாயில் வரவில்லை. பரீட்சை எழுதவில்லை, உழைத்துத் தரவில்லை. ஊரே இழந்து நின்ற நேரத்தில் அந்தத் தாயும் தகப்பனும் நீதிமன்றத்தில் கேட்டது என்ன? கழுவித் துடைக்கும் வேலையை, பாலூட்டும் வேலையை, சாமத்தில் அழுதால் எழும்பும் வேலையை. டெக்சஸ் பட்டியலில் கீழே கிடந்த அதே நேரங்களைத் தங்களிடம் திருப்பித் தரும்படிதான் அவர்கள் மன்றாடினார்கள். களைப்பும் கூலியும் ஒரே மணித்தியாலத்துக்குள் இருக்கின்றன. கேள்விக்கொத்துக்குக் களைப்பு முதலில் தெரிகிறது. இழந்தவர்களுக்குக் கூலி தெரிகிறது. எங்கள் அயலில் மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் இன்றும் அடிக்கடி சொல்வது ஒன்றுதான். தேத்தண்ணியை எத்தனை தரம் ஆற்றிக் கொடுத்தாலும், தானும் ஒரு தரம் ஊதினால்தான் அவன் குடிப்பானாம்.

அதனால்தான் வெளிநாட்டில் உழைக்கும் எங்கள் வாப்பாமாரை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்கள் செய்வது தியாகம். அதில் சந்தேகமே இல்லை. கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று, மகளுக்கு இங்கே ஒரு வீட்டை எழுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அனுப்பும் செருப்பு எப்போதும் ஓர் அளவு சின்னதாகவே வந்து சேரும். கடைசி லீவில் கண்ட காலைத்தான் அவருக்குத் தெரியும். 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. வாப்பாமாரிடம் யாரும் எந்த அறிக்கையும் கேட்கவில்லை. பிள்ளையின் முதல் ஐந்து வருடத்தில் தகப்பன் இல்லாமல் போவதை ஓர் இழப்பாகவே நாம் எண்ணவில்லை.

நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸனை முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ பின் ஹாபிஸ், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். இதைப் பிள்ளைகள்மேல் இரக்கம் வை என்ற அறிவுரையாகவே ஓதப்பள்ளியில் கேட்டு வளர்ந்தேன். வாப்பாவான பிறகு அக்ரஃ அவர்களை நினைத்துத்தான் கவலை வருகிறது. பத்துப் பிள்ளைகளின் தகப்பன், வேலையெல்லாம் செய்தும் கூலியை வாங்காமலே இருந்திருக்கிறார்.

சீதன வீட்டின் சுமையைக் குறைப்பதைப் பற்றிப் பள்ளிவாசல்களில் பேசும்போது, பெண்ணைப் பெற்றவரின் கடனைப் பற்றித்தான் பேசுகிறோம். அவர் இழக்கும் காலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மாடி கேட்டால், ஒரு சிறுமியின் இரண்டு வருட வாப்பாவைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அஸரிலிருந்து இஷா வரை ரியூசன் வகுப்புகளில் நாம் அடைத்துவிடும் பிள்ளைகளின் மாலைப்பொழுதுக்கும் இதே கணக்குத்தான்.

மகளின் வீட்டில் ஓர் அறை குறைந்தால் குறையட்டும். பெறுபேற்றில் ஓர் ஏ குறைந்தாலும் போகட்டும். பிள்ளை கேள்வி கேட்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்போம். முதுமையில் ஓய்வூதியம் வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராமல் போனாலும், என் கூலி அன்றன்றைக்கே என் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லக்கூடிய வாப்பாவாகவும் உம்மாவாகவும் வாழ்வது இன்றைக்கே நம்மால் முடியும்.