பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா இலக்கியம் நடத்தும்போது பேதை தொடங்கிப் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களையும் வயதுக் கணக்கோடு கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வழக்கம். 5 வயதில் தொடங்கி 40இல் முடியும் பட்டியல் அது. பல ஆண்டுகள் யோசிக்காமல் எழுதிப் போட்டிருக்கிறேன். 44 வயதில் ஒருநாள், முன்பெஞ்சு மாணவி கேட்டாள்: “அதுக்கப்புறம் என்ன மேம்?” அதற்கப்புறம் உலா வரும் தலைவனைப் பார்த்து ஏங்கும் உரிமை பெண்ணுக்கு இல்லை, எனவே பெயரும் இல்லை என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பலகையில் எனக்கு இடமில்லாமல் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதுமையும் பெண்ணும் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்று அன்றிரவு தேட உட்கார்ந்தேன். முதுமை பற்றிய எழுத்துகளுக்கென்றே ஏஜ்லைன் என்ற தரவுத்தளம் இருக்கிறது. அமெரிக்காவின் ஏ.ஏ.ஆர்.பி. அமைப்பு தொடங்கியது. சந்தா கட்டும் நூலகங்களுக்கு மட்டுமே திறக்கும். எனக்கு வாய்த்தது யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பப்மெட். மருத்துவக் கட்டுரைகளின் கடல். அங்கேயும் பருவங்கள் இருந்தன. 19 முதல் 44 வரை ஒரு பெயர், 45 முதல் 64 வரை நடுவயது, 65 ஆனால் முதியவர், 80க்கு மேல் இன்னொரு பெயர். நம் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி 60இலேயே மூத்த குடிமகளாகிவிடும் ஒருத்தி, அங்கே இன்னும் ஐந்தாண்டுகள் நடுவயதுக்காரி.

‘பெண்’, ‘முதியவர்’ இரண்டையும் சேர்த்துத் தேடினேன். எலும்பும் இதயமும் கண்புரையுமாகக் கொட்டியது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் அந்தப் பாலினரும் அந்த வயதினரும் இருந்தாலே அந்தக் குறிச்சொற்களை இட்டுவிடுவார்களாம். பெண் இருக்கிறாள், முதியவரும் இருக்கிறார். முதிய பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட அந்தக் கட்டுரையில் இருக்க வேண்டியதில்லை. புறநானூற்றில் மூதின்முல்லைப் பாடல்களை நினைத்துக்கொண்டேன். அங்கே முதியவள் வருகிறாள், மகனைப் போருக்குக் கொடுத்தவளாக.

பிறகு கட்டுரையை விட்டுவிட்டு அம்மாவைத் தேட ஆரம்பித்தேன். அம்மாவுக்கு 76. அடுப்பை அணைத்தோமா என்பது மறந்துபோகிறது. இரவில் எழுந்து நடக்கிறாள். என்னோடுதான் இருக்கிறாள். அவளை எந்தச் சொல்லில் தேடுவது? பராமரிப்பவரின் சுமை என்றொரு குறிச்சொல் கிடைத்தது. அதன் வழியே ஸாரிட் என்பவர் பெயரால் வழங்கும் வினாநிரல் வந்தது. 1980இல் உருவாகிப் பின்னர் சுருக்கப்பட்ட அதில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். உனக்கென்று நேரம் இருக்கிறதா, கோபம் வருகிறதா, யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்ற ரீதியில் போகும். நேர்மையாகப் போட்டேன். எண்ணைக் கூட்டியபோது கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

சுமை என்ற சொல் எனக்கு வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பத்தாவை அம்மா பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பெயர் மருமகளின் கடமை. இந்த 22 கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் அவளிடம் கேட்கவில்லை. அன்பு, புண்ணியம் என்ற சொற்களுக்கு அடியில் புதைந்திருந்த உழைப்பைச் சுமை என்று சொல்லவே பெண்களுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதே சொல், பார்த்துக்கொள்ளப்படுகிறவளை மூட்டையாக்கிவிடுகிறது. எனக்கு வலிக்கிறது என்று நான் உண்மை பேசும்போது, என் அம்மா ஒரு எடையாக மாறுகிறாள்.

இதில் ஏதோ கணக்குத் தப்புகிறது என்று பல நாள் தோன்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் எடை 48 கிலோ. அவளைத் தாங்க நாலு தோள் இருந்த வீட்டில் மூன்று விலகிக்கொண்டன. அண்ணன்கள் இருவரும் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போன் பேசுகிறார்கள். தங்கைக்கு மாமியார் வீட்டுக் காரணங்கள் உண்டு, அவளைச் சொல்ல எனக்கு மனம் வராது. என் மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் அண்ணன்களுடையது. அந்த எண்ணை அம்மாவின் பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஔவை கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டாள் என்ற இடத்தில் மாணவிகள் முகம் சுளிப்பார்கள். அம்மா சுளித்ததில்லை. “கிழவியானப்புறம்தான்டி நான் நடுவீட்டுல காலை நீட்டி உக்காந்தேன்” என்பாள். அப்பா இருந்தபோதும் அப்பத்தா இருந்தபோதும் அவள் சமையற்கட்டு வாசலில் குத்தவைத்துத்தான் உட்காருவாள். முதுமை அவளுக்குக் கொடுத்த இந்த இடத்தைத் தேட எந்தக் குறிச்சொல்லைத் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அந்தக் கேள்விகளைத் திருப்பிப் போட்டு அவளிடம் கேட்டேன். என்னோடு இருப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா அம்மா? கொஞ்ச நேரம் பேசவில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

“ராத்திரி ஒரு மணி வரைக்கும் லைட்டைப் போட்டுட்டுப் படிக்கிற. கண்ணு கூசுது. தூக்கம் வராமதான் எந்திரிச்சு நடக்கிறேன். சொன்னா உனக்குக் கோவம் வரும்னு சொல்லல.”

மேசை விளக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன்.